புல்லா, கல்லா? - ஒரு கொல்லைப்புறத்தின் சரித்திரம்

செமஸ்டர் தேர்வு முடிந்து வீட்டில் வெட்டியாக உட்கார்ந்திருந்தேன். அப்பா கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "நீதான் பி.காம். படிக்கிறியே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாரு." மேஸ்திரி அண்ணன் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் அது. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் 600 சதுர அடிப் புல்தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்ட எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. (தொகையை இங்கே எழுதினால் அப்பா உதைப்பார். எனவே எழுதவில்லை.)

புல்தரை என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்காகத்தான். 2016-ல் வீட்டைப் புதுப்பித்தபோது அப்பா ஆசைப்பட்டுப் போட்டது. கொரியன் புல். முதல் ஆறு மாதம் கம்பளம் மாதிரி இருந்தது. உறவுக்காரர்கள் எல்லாம் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் சித்திரை வெயில், போர் தண்ணீரின் உப்பு, பக்கத்தில் எழும்பிய அடுக்குமாடியின் நிழல் எல்லாம் சேர்ந்து அதை ஒரு வழி செய்துவிட்டன. இப்போது அங்கங்கே சொட்டை விழுந்த தலை மாதிரி இருக்கிறது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பா குனிந்து களை பிடுங்குவார், திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

கணக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாத்தையும் மூடிட்டா மழைத் தண்ணி எங்கடா போவும்?"

எஸ்டிமேட்டில் அந்தக் கேள்விக்கு வரியே இல்லை. அப்பாவும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. சரி, நம் ஊருக்கு ஒத்துவராத இந்தப் புல் எப்படி நம் கொல்லைக்கு வந்தது, அதை எடுத்துவிட்டுக் கல் போடும் வழக்கம் எங்கே தொடங்கியது, போட்டவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று புரிந்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

பயிர் வைக்காத நிலம்

வெறும் புல்லை மட்டும் வளர்த்து, அதை வெட்டி வெட்டி வைத்துக்கொள்வது மிகச் சமீபத்திய பழக்கம். 17-ம் நூற்றாண்டில் பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனின் வெர்சாய் அரண்மனைக்குத் தோட்டம் அமைத்த ஆந்த்ரே லெ நோத்ர், நடுவே நீளமான ஒரு புல்வெளிக்கு இடம் கொடுத்தார். பச்சைக் கம்பளம் என்றே அதற்குப் பெயர். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் லான்சலாட் பிரவுன் என்பவர் வந்தார் (1716–1783). பிரபுக்களின் நிலத்தைப் பார்த்துவிட்டு "இதற்கு நல்ல சாத்தியம் இருக்கிறது" என்று சொல்வாராம். அதனால் அவருக்குப் பட்டப்பெயரே 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று ஆகிவிட்டது. நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட எஸ்டேட்டுகளில் அவருடைய கைவரிசை உண்டு என்கிறார்கள். பூப்பாத்திகளை எல்லாம் எடுத்துவிட்டு, வீட்டு வாசல் வரைக்கும் புல்வெளி வந்து தொடுகிற மாதிரி அமைப்பது அவர் பாணி.

அந்தப் புல்லை யார் வெட்டினார்கள்? தூரத்தில் ஆடுகள் மேய்ந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் நீளப் பிடி போட்ட அரிவாளோடு ஆட்கள் விடிகாலையிலேயே வருவார்கள். பனி ஈரம் இருந்தால்தான் புல் நன்றாக அறுபடும். அதாவது புல்வெளி வைத்திருக்கிறான் என்றால் இரண்டு விஷயம் அர்த்தம். ஒன்று, விளைச்சல் தேவைப்படாத அளவுக்கு அவனிடம் நிலம் இருக்கிறது. இரண்டு, ஒன்றுக்கும் உதவாத புல்லை வெட்டக் கூலி கொடுக்க அவனிடம் பணம் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் 'பகட்டு நுகர்வு' என்று ஒரு பாடம் வரும். அந்தக் கருத்தைச் சொன்ன தோர்ஸ்டீன் வெப்லன், 1899-ல் எழுதிய தன் புத்தகத்தில் புல்வெளியையும் விட்டுவைக்கவில்லை. புல்வெளி என்பது அடிப்படையில் மாடு மேயும் இடம்தான். ஆனால் மாட்டை விட்டால் சிக்கனக்காரன் என்று நினைத்துவிடுவார்கள், அதனால்தான் பணக்காரர்கள் மாட்டை விடுவதில்லை என்கிற பொருளில் கிண்டல் செய்திருக்கிறார். பரீட்சைக்குப் படித்தபோது இது கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் இரண்டு மார்க் கூட வாங்கியிருப்பேன்.

இதில் மறக்கக்கூடாத ஒரு விஷயம், இங்கிலாந்தின் வானிலை. அங்கே வருஷம் முழுக்கச் சன்னமாக மழை, மிதமான வெயில். புல் தானாகவே பச்சையாக நிற்கும். அங்கே புல்லுக்கு யாரும் பெரிதாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அந்தப் புல்லை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோதுதான் செலவுக் கணக்கு ஆரம்பித்தது.

துணி மில்லில் பிறந்த இயந்திரம்

1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஊர் கம்பளித் துணி மில்களுக்குப் பேர் போனது. நெய்து முடித்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு இழைகளைச் சுழலும் கத்திகளால் சீராகக் கத்தரிக்க மில்லில் ஒரு இயந்திரம் இருந்தது. துணியைக் கத்தரிக்கிறதே, புல்லைக் கத்தரிக்காதா என்று யோசித்தார் பட்டிங். அவ்வளவுதான். உலகின் முதல் புல்வெட்டும் இயந்திரம் தயார்.

அரிவாள் ஆட்களுக்குப் பதிலாக ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போனால் போதும். இரண்டு வருஷத்தில் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் கம்பெனி உரிமம் வாங்கி உற்பத்தியில் இறங்கியது. பிரபுக்கள் மட்டும் வைத்திருந்த புல்வெளி, மெல்ல மெல்ல நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்கும் வந்தது. செலவு குறைந்தால் ஆடம்பரம் அவசியமாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. செல்போனுக்கும் இதே கதைதானே!

தமிழ்நாட்டை விடப் பெரிய புல்தரை

அடுத்த கட்டம் அமெரிக்கா. 1869-ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ரிவர்சைடு என்ற புறநகரை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்றார். நடுவில் புல். 1870-ல் ஃபிராங்க் ஸ்காட் என்பவர் புறநகர் வீட்டுத் தோட்டங்களைப் பற்றிப் புத்தகம் எழுதி, வீட்டுக்கு முன்னால் வேலி போடாதீர்கள், எல்லார் வீட்டுப் புல்லும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வெளியாகத் தெரியட்டும் என்று உபதேசம் செய்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூயார்க் அருகே லெவிட்டவுன் எழும்பியது. 1947-ல் தொடங்கி 1951-க்குள் 17,000-க்கும் அதிகமான வீடுகள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. வீட்டோடு புல்தரையும் சேர்த்தே கொடுத்தார்கள். கூடவே நிபந்தனை. புல் வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை வெட்டியாக வேண்டும்! இங்கிலாந்தில் பெருமையாக இருந்த புல், இங்கே கடமையாகிவிட்டது. உங்கள் வீட்டுப் புல் காய்ந்தால் தெருவே உங்களை ஒரு மாதிரி பார்க்கும்.

விளைவு என்ன தெரியுமா? செயற்கைக்கோள் படங்களை வைத்து 2005-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவின் மொத்தப் புல்தரைப் பரப்பு (வீடு, பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்து) சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். நம் மாநிலம் முழுக்கப் புல் போட்டாலும் அதற்கு ஈடாகாது! அங்கே தண்ணீர் பாய்ச்சி வளர்க்கப்படும் எந்த ஒரு பயிரை எடுத்துக்கொண்டாலும் அதைப்போல மூன்று மடங்கு இடம் புல்லுக்கு என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1965-ல் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். உள்ளே நிஜப் புல். வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடுகள். வெயில் கண்ணைக் கூசி, உயரமாக வரும் பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பார்த்தார்கள்! கடைசியில் 1966-ல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயர் அந்த அரங்கத்திலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் விட என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் இது. அமெரிக்காவின் வெப்பமான தென் மாநிலங்களில் கோல்ஃப் மைதானங்களுக்கும் வீடுகளுக்கும் விரும்பிப் போடும் புல் ஒன்று உண்டு, பெர்முடா புல் என்று பெயர். அறிவியல் பெயர் சைனோடான் டாக்டைலான். அது வேறொன்றும் இல்லை, நம்ம அருகம்புல்! பிள்ளையாருக்கு நாம் சாத்துகிற அதே புல். அப்பா ஞாயிறு தோறும் இடுப்பு ஒடியப் பிடுங்கி எறிகிற 'களை' அதுதான். கொரியன் புல் செத்துப்போன இடத்தில் எல்லாம் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் அது நிற்கிறது. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று சும்மாவா வாழ்த்தினார்கள்?

கல்லின் கதை

சரி, புல்லை விட்டுவிட்டுக் கல்லுக்கு வருவோம்.

நம் ஊர் நடைபாதைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் பார்க்கிறோமே, ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் பேவர் பிளாக், அதன் பூர்வீகம் நெதர்லாந்து. 1940 மே மாதம் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் ராட்டர்டாம் நகரத்தின் மையப் பகுதி தரைமட்டமானது. அந்த நாட்டில் காலங்காலமாகச் செங்கல் பாவித்தான் தெரு போடுவார்கள். போர் முடிந்து நாட்டைத் திரும்பக் கட்டும்போது, இருக்கிற செங்கல் எல்லாம் வீடு கட்டவே போதவில்லை. அதனால் செங்கல் அளவிலேயே கான்கிரீட் கட்டிகளை வார்த்துத் தெருவில் பாவினார்கள். பின்னர் 1960-களில் ஜெர்மனியில் நெளிநெளியான விளிம்போடு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வடிவங்கள் வந்தன. அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. முறையாகப் போட்டால் பேவர் பிளாக்குக்குச் சிமெண்ட் கலவை தேவையில்லை. கீழே ஜல்லி, அதன் மேல் மணல், மணல் மேல் கட்டி. இடுக்குகளிலும் மணல். பழுது பார்க்க வேண்டுமானால் பெயர்த்தெடுத்துத் திரும்ப வைக்கலாம். இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரும் இறங்கும். இடுக்கை அகலமாக விட்டு, மணலுக்குப் பதில் பொடி ஜல்லி போட்டால் இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் கான்கிரீட் தளம் போட்டு அதன் மேல் ஒட்டினால் கதை முடிந்தது. அது பேவர் பிளாக் வேஷம் போட்ட மொட்டை மாடி.

லண்டன்காரர்கள் கற்ற பாடம்

பாட்டி கேட்ட கேள்வியை ஒரு நகரமே கேட்டுக்கொண்ட கதை லண்டனில் நடந்தது. கார்கள் பெருகின. தெருவில் நிறுத்த இடம் இல்லை, நிறுத்தினால் கட்டணம். வீட்டுக்கு முன்னால் இருந்த சின்னத் தோட்டத்தை மூடிக் கார் நிறுத்த ஆரம்பித்தார்கள். புல் வெட்டுகிற வேலையும் மிச்சம். ஒரு வீடு செய்தது, பத்து வீடு செய்தது, தெருவே செய்தது. 2005-ல் லண்டன் மாநகரப் பேரவையின் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. லண்டன் வீடுகளின் முன் தோட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு, முழுதாகவோ பாதியாகவோ மூடப்பட்டுவிட்டன என்றது அது. கணக்குப் பார்த்தால் சுமார் 32 சதுர கிலோமீட்டர். அந்த ஊரின் புகழ்பெற்ற ஹைட் பார்க்கைப் போல 22 மடங்கு.

2007 கோடையில் இங்கிலாந்தில் பெருமழை. 13 பேர் இறந்தார்கள், சுமார் 55,000 கட்டடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆறு உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் மட்டும் இல்லை இது. ஆறே இல்லாத தெருக்களிலும், வடிகால் தாங்காமல் தண்ணீர் தேங்கி வீட்டுக்குள் போனது. அந்த வெள்ளத்தைப் பற்றி ஆராய சர் மைக்கேல் பிட் தலைமையில் குழு அமைத்தார்கள், 2008-ல் இறுதி அறிக்கை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய விதி அமலுக்கு வந்தது. வீட்டு முன் தோட்டத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் இறங்கும் தளம் போட்டால், அல்லது வழிகிற தண்ணீரைத் தன் வீட்டு மண்ணுக்கே திருப்பிவிட்டால் அனுமதி வேண்டாம்.

எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. 'கல் போடாதே' என்று அது சொல்லவில்லை. 'உன் தண்ணீரை நீயே வைத்துக்கொள்' என்கிறது, அவ்வளவுதான். (முன் தோட்டத்துக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. பின்பக்கத் தோட்டத்துக்குக் கிடையாது. இதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை!)

பொருளாதாரத்தில் 'புறச்செலவு' என்று சொல்வார்கள். ஒரு தொழிற்சாலை தன் கழிவை ஆற்றில் விட்டால், அதன் கணக்குப் புத்தகத்தில் அது செலவாக வராது. ஆற்றோரத்தில் இருப்பவன் தலையில் விழும். கொல்லையை மூடுவதும் அதே மாதிரிதான். நம் வீட்டுக் கணக்கில் தண்ணீர் மிச்சம், வேலை மிச்சம், எல்லாம் வரவு. செலவு எழுதப்படுவது பள்ளத்தில் இருக்கும் பின்வீட்டின் நோட்டில்.

பாலைவனத்தில் புல்

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் லாஸ் வேகஸ். ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழைதான் அந்த ஊருக்கு. குடிநீரில் தொண்ணூறு சதவீதம் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டித் தேக்கிய மீட் ஏரியிலிருந்து வருகிறது. அந்தப் பாலைவனத்தில் வீட்டுக்கு வீடு புல்தரை! தண்ணீர் வாரியம் ஒரு யோசனை செய்தது. புல்லை எடுங்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்று நாங்கள் பணம் தருகிறோம்!

அவர்கள் பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் என் போன்ற காமர்ஸ் மாணவனுக்குச் சுவாரஸ்யம். ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்கு 73 கேலன், அதாவது சுமார் 276 லிட்டர் தண்ணீர். வறட்சி தாங்கும் செடிகள் வைத்த தோட்டத்துக்குச் சதுர அடிக்கு 17.2 கேலன், அதாவது 65 லிட்டர்தான். வித்தியாசம் 211 லிட்டர்.

ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. புல்லை எடுத்துவிட்டு வெறும் கான்கிரீட் போட்டால் பணம் கிடையாது. தரை தண்ணீரையும் காற்றையும் உள்ளே விட வேண்டும். செடிகள் வளர்ந்த பிறகு பாதி இடத்தையாவது மூட வேண்டும். 2021-ல் நெவாடா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சட்டமே போட்டது. யாரும் உட்காராத, விளையாடாத, சும்மா அலங்காரத்துக்கு மட்டும் இருக்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக்கூடாது. 2027 ஜனவரி 1 கடைசித் தேதி. தனி வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அலுவலக வளாகம், சாலை நடுத்திட்டு போன்ற இடங்களுக்குத்தான்.

ஆக, பெருமழை கண்ட ஊர், மழையே இல்லாத ஊர் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. புல்லைக் காப்பாற்றப் போராடாதே, சரி. அதற்காக மண்ணின் வாயைப் பொத்தாதே. 2020-ல் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், பராமரிப்பு வேண்டாம் என்று வீட்டுத் தோட்டம் முழுக்கச் சரளைக்கல் கொட்டி வைக்கும் வழக்கத்தையே தடை செய்தது. கான்கிரீட் கட்டியைக் கண்டுபிடித்த நெதர்லாந்திலோ இன்னும் தமாஷ். அதே 2020-ல் ராட்டர்டாமும் ஆம்ஸ்டர்டாமும் ஒரு போட்டி வைத்தன. யார் ஊரில் அதிகத் தரைக்கல் பெயர்க்கிறார்கள்? பெயர்த்த இடத்தில் செடி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அது நாடு தழுவிய போட்டியாகிவிட்டது. தாத்தா பாவியதைப் பேரன் பெயர்க்கிறான்!

நம்ம ஊர்க் கொல்லை

இந்தியாவுக்கு இந்தப் புல் வெள்ளைக்காரனோடு வந்தது. பங்களா, கிளப், கிரிக்கெட் மைதானம் எல்லாவற்றிலும் புல். தாஜ்மஹாலுக்கு முன்னால் இன்று நாம் பார்க்கும் விரிந்த புல்வெளி கூட ஷாஜகான் காலத்து ஏற்பாடு இல்லை. முகலாயத் தோட்டம் என்றால் மரங்களும் பழங்களும் பூக்களும் வாய்க்கால்களும்தான். 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு, நினைவுச் சின்னத்தைச் சீரமைத்தபோது தோட்டத்தை ஆங்கிலேயர் ரசனைக்கு மாற்றினார். நாமும் அதுதான் அழகு என்று பழகிவிட்டோம்.

புல் வருவதற்கு முன் எங்கள் கொல்லை எப்படி இருந்தது என்று பாட்டியைக் கேட்டேன். நடுவில் உறைகிணறு. அதை ஒட்டித் துவைக்கிற கல். துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் சின்னக் கால்வாயில் ஓடி வாழைக்குப் போகும். ஓரத்தில் கறிவேப்பிலை, ஒரு முருங்கை. நடக்கிற இடம் மட்டும் மிதிபட்டு மிதிபட்டுக் கெட்டியான மண். மற்றதெல்லாம் சும்மா மண். அதில் புல்லும் இல்லை, கல்லும் இல்லை. பராமரிப்பு என்ற வார்த்தையே யாரும் சொன்னதில்லை. காலையில் ஒரு முறை பெருக்குவார்கள், அவ்வளவுதான்.

அந்த உறைகிணறு இன்றும் இருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, தாத்தா மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில் இறக்கினார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் கொல்லையில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இரண்டு நாளில் மண்ணுக்குள் போய்விட்டது. பள்ளத்தில் இருக்கும் பின்வீட்டு அக்காவுக்குக் கட்டில் வரைக்கும் ஏறியது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது, எங்கள் கிணற்றில் தினமும் சில குடங்களாவது ஊறியது. அப்போது முதலில் செத்தது கொரியன் புல்தான். அதற்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

இப்போது கணக்குக்கு வருவோம். 600 சதுர அடி என்பது சுமார் 55.7 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆக, எங்கள் கொல்லையில் மட்டும் வருஷத்துக்கு 78,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஆறரை லாரி! இதில் பாதி ஆவியாகவும் வழிந்தும் போனாலும், மூன்று லாரி மண்ணுக்குள் இறங்கும். மூடிவிட்டால் அவ்வளவும் வெளியே. வெளியே என்றால் பின்வீட்டு அக்கா வீட்டுக்கு.

எஸ்டிமேட்டில் விட்டுப்போன வரி இதுதான். நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே.

அப்பா பொறுமையாகப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எல்லாம் சரிடா. போன ஐப்பசியில உங்க பாட்டி எங்க வழுக்கி விழுந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. கொல்லையில்தான். சொட்டை விழுந்த புல்லுக்கு நடுவே, பாசி பிடித்த சேற்றில். எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு மாதம் படுக்கை. அப்பாவுக்கு டைல்ஸ் அழகுக்காக இல்லை, இடுப்பு வலிக்காகவும் இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் பக்கம் பக்கமாகப் படித்த வரலாற்றில் லண்டன் இருந்தது, லாஸ் வேகஸ் இருந்தது. எங்கள் பாட்டியின் கால் இல்லை. அது என் கணக்கில் விட்டுப்போன வரி.

அன்று ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முடிவு இதுதான். வீட்டு வாசற்படியிலிருந்து கிணற்றுக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நான்கடி அகலத்தில் சொரசொரப்பான பேவர் பிளாக் பாதை, ஓரமாக ஒரு கைப்பிடிக் குழாய். ஜல்லி, மணல் மேல் போட வேண்டும், கீழே கான்கிரீட் கூடாது. சரிவு கிணற்றுப் பக்கத்துக் குழியை நோக்கி இருக்க வேண்டும், பின்வீட்டை நோக்கி அல்ல. அதற்கு மொத்தமே 150 சதுர அடிதான் ஆகிறது. மீதி 450 சதுர அடியில் கொரியன் புல்லின் மிச்சத்தை எடுத்துவிட்டு, வாழையும் கறிவேப்பிலையும். நடுவில் அருகம்புல் வந்தால் வரட்டும், இனி யாரும் பிடுங்கப்போவதில்லை.

மேஸ்திரி அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். "சார், கான்கிரீட் போட்டாத்தான் நாளைக்கு ஆடாம நிக்கும்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "ஆடினா பெயர்த்துத் திரும்ப வெச்சுக்கலாம்பா" என்று பாட்டியே பதில் சொல்லிவிட்டாள். ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். இடுக்கில் மண் அடைத்தால் தண்ணீர் இறங்குவது குறையும். வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பாசியும் பிடிக்கும், தேய்க்க வேண்டும். பராமரிப்பே இல்லாத தரை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. யார் பராமரிப்பது, யார் தலையில் செலவு விழுவது என்பது மட்டும்தான் மாறும். இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கணக்குப் பார்த்துக் கொடுத்ததற்கு இதுதான் சம்பளம் :-)

நேற்று பாதி வேலை முடிந்தது. பாட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிணறு வரைக்கும் போய்வந்தாள். தண்ணீர் எங்கே போகும் என்று மறுபடி கேட்கவில்லை. ஐப்பசி மழை வரட்டும், எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்றாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கொல்லையோ வாசலோ மூடுவதாகப் பேச்சு வந்தால், ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எத்தனை சதுர மீட்டர் என்று அளந்து, 1,400-ஆல் பெருக்குங்கள். சென்னைக்கு அந்த எண், உங்கள் ஊருக்கு உங்கள் ஊர் மழை. வருகிற விடை லிட்டரில் இருக்கும். அதை எஸ்டிமேட்டின் கடைசி வரியாக எழுதிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அப்படியே வீட்டில் வயதானவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் அதை மறந்துவிட்டேன்.

மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.